வேலையும் வேண்டும், பள்ளியும் வேண்டும்

மும்பையில் நம் தமிழ்ச் சங்க விழா எதுவானாலும் ஒரு நிகழ்ச்சி தவறாமல் இடம்பெறும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அதிக மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, சால்வை போர்த்தி, பரிசும் சான்றிதழும் கொடுப்போம். பெற்றோர் முன்வரிசைக்கு ஓடி வந்து படம் எடுப்பார்கள். பல ஆண்டுகள் அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான். ஒரு பெயர் விடுபட்டால்கூட எனக்கு அன்று தூக்கம் வராது.

2022ஆம் ஆண்டு விழாவில், மேடை நிகழ்ச்சி முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ரச வாளியுடன் ஒரு பையன் வந்தான். பதினைந்து வயது இருக்கும். சமையல்காரரின் ஆள்.

"தம்பி, எத்தனாவது படிக்கிறே?" என்று கேட்டேன்.

"எட்டு முடிச்சாச்சு சார்."

"அப்புறம்?"

"அப்புறம் இதுதான்" என்று வாளியைக் காட்டினான். நகரப் போனவன் நின்றான். "சார், மேடையில கூப்பிட்டு சால்வை போட்டாங்களே, அதுக்கு எவ்வளவு மார்க் வேணும்?"

"எண்பத்தைந்து சதவீதம்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா சார்?" என்றான்.

அன்பர்களே, அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எண்பத்தைந்து வாங்கும் பிள்ளைக்கு நம் சால்வை இல்லாவிட்டாலும் கல்லூரி கிடைக்கும். முப்பத்தைந்து வாங்கினால் வாழ்க்கையே மாறும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளை நமக்கே பரிமாறிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நம்மிடம் பட்டியல் இல்லை.

நான் செய்த முதல் தவறு

இதற்கு முன்பே ஒரு பையனுக்கு உதவப்போய்த் தோற்றவன் நான். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2018இல், பணி ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தாராவியில் தெரிந்த குடும்பம் ஒன்றில் பதினாறு வயதுப் பையன், ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, தோல் பை தைக்கும் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தான். காலை ஒன்பது மணிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவான். நான் அவன் வீட்டுக்குப் போய்ப் பெரிய பிரசங்கமே செய்தேன். "1974இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாதரில் வந்து இறங்கினேன். பகலில் பியூன் வேலை பார்த்தேன், மாலையில் மாட்டுங்காவில் டைப்ரைட்டிங் படித்தேன், இரவில் கல்லூரிக்குப் போனேன். நான் படிக்கவில்லையா?" என்று கேட்டேன். பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் என் பொறுப்பு, பையன் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொன்னேன். அவன் தாயும் தலையாட்டினார்.

மூன்று மாதம் ஒழுங்காகப் போனான். நான்காவது மாதம் ஆளைக் காணவில்லை. பிவண்டியில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டதாகத் தெரிந்தது. கோபத்துடன் அவன் வீட்டுக்குப் போனேன். "இவ்வளவு செலவு செய்தேனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன்.

அந்த அம்மாள் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீங்க பீஸ் கட்டுனீங்க அண்ணாச்சி. அதை நான் மறக்கல. வாடகையை யாரு கட்டுவா?"

எனக்குப் பதில் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். நான் பகலில் வேலை பார்த்து இரவில் படித்தது உண்மை. ஆனால் அப்போது மாமா வீட்டில் எனக்கு மூன்று வேளைச் சோறு இருந்தது. என் சம்பளத்தை நம்பி அடுப்பு எரியவில்லை. பிரசங்கத்தில் அந்த மாமாவை நான் சேர்க்கவே இல்லை.

ஏன் இடையில் நிற்கிறார்கள்?

பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்தவரையில் காரணங்கள் வேறு.

முதலாவது, எட்டாம் வகுப்பு என்னும் விளிம்பு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. எட்டாம் வகுப்போடு அதன் பொறுப்பு முடிகிறது. வீட்டில் பணத்தேவை ஏறுவதும் பையனுக்குத் தோள் வலுப்பதும் சரியாக அந்த வயதில்தான்.

இரண்டாவது, மொழி. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, குஜராத்தி, உருது, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்தி வந்திருக்கிறது. இது பெருமைக்குரிய விஷயம். ஆனால் தமிழ்வழிப் பள்ளிகள் பலவற்றில் தொடக்க வகுப்புகளைத் தாண்டி உயர்நிலை வகுப்புகள் இருந்ததில்லை. ஏழு அல்லது எட்டு வரை தமிழில் படித்த பிள்ளை திடீரென்று இந்தியிலோ ஆங்கிலத்திலோ அறிவியல் படிக்க வேண்டும். முதல் பருவத் தேர்விலேயே சோர்ந்துவிடுகிறான்.

மூன்றாவது, 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு. பள்ளிகள் மூடின. கைப்பேசி ஒன்று, பிள்ளைகள் மூன்று என்ற வீட்டில் யார் படிப்பது? மூத்தவன் வேலைக்குப் போனான். பள்ளி திறந்தபோது அவன் திரும்பவில்லை. ரசம் ஊற்றிய நம் பையன் இந்த வகை. தந்தை இல்லை. தாய் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, பாத்திரத்தைத் தலையில் சுமந்து, தெருத்தெருவாக விற்பவர்.

பத்தாம் வகுப்பை முடித்துத்தான் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. ஐ.டி.ஐ.யின் பெரும்பாலான தொழிற்பிரிவுகளுக்கு அதுதான் வாசல். ரயில்வேயின் அடிநிலை வேலைக்கும் அது தேவை. நம்மவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில், வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசின் குடியேற்ற அனுமதி பெற வேண்டும் என்ற முத்திரை விழும். தேறியவருக்கு அது இல்லை. ஊரில் எத்தனை குடும்பங்கள் அந்த ஒரு முத்திரையால் தரகர்களிடம் அலைந்திருக்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

புதிய யோசனை அல்ல

பகலில் உழைத்து இரவில் படிப்பது இந்த மண்ணுக்குப் பழையது. மகாத்மா ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1855இலேயே உழவர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் புனேயில் இரவுப் பள்ளி தொடங்கினார்கள். கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919இல் சாத்தாரா மாவட்டத்தில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே விடுதியில் சேர்த்து, உழைத்துக்கொண்டே படிக்க வைத்தார். 'சம்பாதி, படி' என்னும் அந்தத் திட்டம் மகாராஷ்டிரக் கல்லூரிகளில் இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

மும்பையின் இரவு உயர்நிலைப் பள்ளிகளும் இந்த வழியில் வந்தவையே. பெரும்பாலும் பகலில் வேறு பள்ளி நடக்கும் கட்டடத்தில், மாலை ஆறரை மணி அளவில் தொடங்கி ஒன்பதரை வரை நடக்கும். சிறு பிள்ளைகளுக்கான பெஞ்சில் மீசை முளைத்தவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு பள்ளியின் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன். முந்தைய தோல்வியைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"வேலையே இல்லாத பையன் இங்கே நிற்பதில்லை சார். வீட்டில் மதிப்பு இருக்காது. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்ப்பவனும் நிற்பதில்லை, தூங்கிவிடுவான். ஐந்து ஆறு மணி நேர வேலையும் மாலையில் விட்டுவிடும் முதலாளியும் உள்ளவன்தான் தேறுகிறான்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் 2018இல் கேட்டிருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ரசப் பையனுக்கு அப்படி ஒரு வேலை தேடினேன். பாத்திரக் கடை வைத்திருக்கும் நம் சங்க உறுப்பினர் ஒருவரைக் கேட்டேன். "ஐயோ அண்ணாச்சி, சின்னப் பையனை வச்சா போலீசு கேசாயிடுமே!" என்றார். அவர் பயம் நியாயமானது. எனவே சட்டத்தை வாங்கி இருவருமாகப் படித்தோம்.

1986ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் மட்டும் நிபந்தனையுடன் விலக்கு உண்டு. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான தொழில்கள் ஆகியவற்றில் வைக்கக் கூடாது. மற்ற இடங்களில் வைக்கலாம். ஆனால் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்குள் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளில் மொத்தம் 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது. மிகைநேர வேலை கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. இன்ஸ்பெக்டருக்குத் தகவல் தந்து, பதிவேடும் வைக்க வேண்டும்.

படித்து முடித்ததும் கடைக்காரர் சொன்னார்: "இது பயமுறுத்துற சட்டம் இல்லையே அண்ணாச்சி. இதை அப்படியே செஞ்சாலே பையன் சாயங்காலம் பள்ளிக்கூடம் போயிடலாமே!"

உண்மைதான். சட்டம் போட்டுக் கொடுத்த கால அட்டவணையே நமக்குப் போதுமானது. காலை ஒன்பதரை முதல் மாலை மூன்றரை வரை கடை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. பிறகு வீட்டில் தூக்கம். ஆறரைக்குப் பள்ளி. ஒரு தாளில் இதை எழுதி, கடைக்காரர், தாய், பையன், நான் என்று நால்வரும் கையெழுத்திட்டோம்.

சமையல் வேலையில் அவனுக்கு மாதம் பத்தாயிரம் வரை கிடைத்தது. கடையில் எட்டாயிரம். குறைந்த இரண்டாயிரத்தை நாங்கள் நான்கு நண்பர்கள் மாதம் ஐந்நூறு வீதம் போட்டு, அவன் தாயிடமே கொடுத்தோம். வாடகைக்கு என்று சொல்லியே கொடுத்தோம். இதற்குள் அந்தப் பாடத்தை நான் கற்றிருந்தேன்.

மூன்று பெயர்கள் உடைய பையன்

வழிகாட்டி என்றால் பாடம் சொல்லிக்கொடுப்பவர் என்று நினைத்திருந்தேன். என் கணக்கு அறிவைச் சோதித்த பிறகு பையனே அந்த எண்ணத்தைக் கைவிட்டான். உண்மையில் முதல் ஆண்டு முழுவதும் நான் செய்தது ஆபீஸ் வேலைதான்.

இந்தத் தொல்லை மும்பைத் தமிழர்களுக்குப் புரியும். நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்துதான் முன்னால் வரும். இங்குள்ள படிவங்களிலோ தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். பழைய பள்ளியின் எல்.சி.யில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி. ஒரே பையனுக்கு மூன்று பெயர்கள்! தேர்வு விண்ணப்பம் போகும் நேரத்தில் இது முட்டுக்கட்டையாக நிற்கும். உறுதிமொழிப் பத்திரம், திருத்த விண்ணப்பம் என்று நான்கு வேலைநாள்கள் மூன்று அலுவலகங்களில் நின்றோம். நான் ஓய்வூதியக்காரன், நிற்கலாம். தினக்கூலித் தாய் நான்கு நாள் நிற்க முடியுமா? "பேரு சரியில்லையாம், அடுத்த வருசம் பாக்கலாம்" என்று வீட்டுக்கு வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த வருடம் பார்த்திருப்பார்கள்? படிப்பு வராமல் நின்றவர்களைவிடப் பத்திரம் சேராமல் நின்றவர்களை நான் அதிகம் பார்த்துவிட்டேன்.

இதற்கிடையில் கடையில் ஒரு நல்லது நடந்தது. பாத்திரத்தில் பெயர் வெட்டும் சிறு மின்கருவியைக் கடைக்காரர் அவன் கையில் கொடுத்தார். தமிழில் அழகாக வெட்டினான். இந்தி பேசுவான், இந்தியில் சண்டையும் போடுவான், எழுத மட்டும் வராது. ஒரு கல்யாணச் சீர் குடத்தில் பெண்ணின் பெயருக்கு ஒரு கொம்பைத் தவறாகப் போட்டுவிட்டான். வாங்கியவர்கள் குடத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கடையிலேயே சத்தம் போட்டார்கள். அடுத்த ஞாயிறு நோட்டுடன் என் வீட்டுக்கு வந்தவன், "தாத்தா, இந்திக் கொம்பெல்லாம் எது எதுக்கு எங்க போடணும்னு இன்னிக்கே தெரியணும்" என்றான். பள்ளி ஓராண்டாகக் கேட்டதை ஒரு குடம் ஒரே நாளில் கேட்டு வாங்கிவிட்டது. சார் என்று அழைத்தவன் தாத்தா என்று அழைத்ததையும் அன்றுதான் கவனித்தேன்.

தீபாவளி நேரம்

எல்லாம் நேராகப் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய தேவை இல்லை.

2023இல் அவன் பத்தாம் வகுப்பு. அந்த ஆண்டு தன்தேரஸ் நவம்பர் 10. பாத்திரக் கடைக்கு ஆண்டின் பெரிய வியாபாரம் அன்றுதான். அதற்கு மூன்று வாரம் முன்பே கூட்டம் தொடங்கிவிடும். நான் அப்போது மகள் வீட்டுக்குப் புனே போயிருந்தேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை போன் செய்து, "பள்ளிக்குப் போனாயா?" என்று கேட்பேன். "போனேன் தாத்தா" என்பான். திரும்பி வந்ததும் தலைமையாசிரியர் அழைத்தார். "உங்கள் பையன் பதினேழு நாளாக வரவில்லையே?"

நேராகக் கடைக்குப் போனேன். இரவு ஒன்பது மணி. கூட்டத்தின் நடுவே குடத்தை மடியில் வைத்துப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கருவியை நிறுத்தினான்.

"என்ன தம்பி, கையெழுத்துப் போட்டீங்களே?" என்று கடைக்காரரிடம் சீறினேன். "ஏழு மணிக்கு மேல கூடாதுன்னு உங்க வாயாலேதானே படிச்சீங்க?"

"நானா நிக்கச் சொன்னேன்? அவன்தான் அண்ணாச்சி கேட்டான். கூடக் காசு குடுத்தேனே, ஏமாத்தலியே" என்றார் அவரும் சூடாக.

பையன் தலைகுனிந்தபடி சொன்னான்: "அம்மாவோட கிரைண்டர் மோட்டார் எரிஞ்சு போச்சு தாத்தா."

மாவு அரைக்கும் கிரைண்டர் நின்றால் இட்லி இல்லை. இட்லி இல்லாவிட்டால் அந்த வீட்டில் பாதி வருமானம் இல்லை. அவர் கடன் வாங்கி வெளியில் மாவு அரைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன்டா என்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"நீங்க பள்ளிக்கூடம் போனியான்னு மட்டும்தானே கேட்டீங்க."

கடையில் அத்தனை சத்தத்திலும் எங்கள் மூவருக்குள் மட்டும் அமைதி. முதலில் பேசியவர் கடைக்காரர்தான். "ஏலே, என்கிட்டயாவது சொல்லியிருக்கக்கூடாதா? நானும் கேக்கல, அது என் தப்பு" என்றார். மறுநாள் காலை கிரைண்டருக்கு முன்பணம் கொடுத்தார். சம்பளத்தில் மாதம் ஐந்நூறு பிடித்துக்கொள்வது என்று பேச்சு. அன்று மாலை ஐந்து மணிக்கு, தன்தேரஸ் கூட்டத்தை வைத்துக்கொண்டே, பையனை அவரே பள்ளிக்கு விரட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். தினமும் காலையில் கடை திறந்ததும் அவர் இரண்டு கேள்விகள் கேட்கத் தொடங்கினார். "வீட்ல எல்லாம் சரியா?" "நேத்து என்ன பாடம் நடத்துனாங்க?" அவர் ஏழாம் வகுப்போடு நின்றவர். பாடம் அவருக்குப் புரியாது. "புரியாட்டி என்ன அண்ணாச்சி, கேட்டா அவனுக்குப் பயம் இருக்கும்ல. என்னை அந்த வயசுல யாரும் கேக்கல" என்றார்.

நான் வாரம் ஒருமுறை கேட்பதற்கும், சம்பளம் கொடுப்பவர் தினம் கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வேலை ஒரு பக்கம், வழிகாட்டி ஒரு பக்கம் என்று பிரிந்திருந்தால் பையன் நடுவில் விழுந்துவிடுகிறான். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் விழ இடமில்லை.

தேர்வும் அதற்குப் பிறகும்

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு கடைக்காரர் சம்பளத்துடன் விடுப்பு கொடுத்தார். 2024 மார்ச்சில் எழுதினான். மே மாதம் முடிவு வந்தது. இந்தி உட்பட எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் மட்டும் தவறினான். இரண்டு நாள் யார் முகத்திலும் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் கடைக்காரர் அவன் வீட்டுக்கே போய், "ஜூலைல மறுபடி பரீட்சை இருக்காமே, கல்லாவுல உக்காரு, தினம் கணக்கு பழகு" என்று கூட்டி வந்தார். ஜூலைத் துணைத் தேர்வில் தேறினான். பிறகு இரவு ஜூனியர் கல்லூரியில் வணிகவியல் பிரிவில் சேர்ந்தான்.

இது எல்லோருக்கும் இப்படி முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். 2018 முதல் நாங்கள் கைபிடித்தவர்கள் பதினொருவர். பத்தாம் வகுப்பை முடித்தவர்கள் ஆறு பேர். பெண்பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தவில்லை. இரவு ஒன்பதரைக்குச் சந்துகளில் தனியே வர வீட்டில் விடமாட்டார்கள். அவர்கள் சொல்வதும் தவறில்லை. அப்படி ஒரு தையல் கடைப் பெண்ணுக்கு என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி கைகொடுத்தது. 1989இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் அது. ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு உண்டு. ஒருமுறை பதிவு செய்தால் 5 ஆண்டுகளுக்குள் 9 வாய்ப்புகள். தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. அந்தப் பெண் ஒரு தடவைக்கு இரண்டு பாடம், ஒரு பாடம் என்று எழுதி இரண்டு ஆண்டில் முடித்தாள்.

நாம் செய்யக்கூடியது

2024 விழாவுக்கு முன் செயற்குழுவில் ஒரு யோசனை சொன்னேன். வேலை பார்த்துக்கொண்டே பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளையும், மதிப்பெண் பார்க்காமல், மேடைக்கு அழைக்கலாம் என்றேன். "பரிசின் தரம் குறைந்துவிடும்" என்றார்கள் சிலர். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நானும் அந்தப் பட்டியலைக் காத்தவன்தான். வாக்கெடுப்பில் என் யோசனை தோற்றது. மீண்டும் கொண்டுவருவேன்.

ஆனால் மேடையைவிட அவசரமானது வேறு. நம் உறுப்பினர்களில் கடை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! ஒரு கடைக்கு ஒரு பிள்ளை, சட்டப்படி ஐந்து மணி நேர வேலை, மாலையில் பள்ளி. தினம் இரண்டு கேள்வி. இதற்குச் செலவு பெரிதல்ல. கடை இல்லாத ஓய்வூதியக்காரர்களே, எல்.சி.யையும் ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க உங்களைவிடத் தகுதியானவர் யார்? நாற்பது வருடம் அரசாங்க மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த நமக்கு, இந்தப் பக்கம் நிற்கவும் தெரிய வேண்டும். முன்வருகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு நான் அங்கே இருப்பேன்.

அந்த ஆண்டு விழாவுக்குப் பையனைக் கடைக்காரர் தன் விருந்தினராக அழைத்து வந்தார். மேடைக்கு அவனை யாரும் அழைக்கவில்லை. பந்தியில் எனக்கும் கடைக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்தான். சாம்பார் ஊற்ற வந்தது ஒரு புதுப் பையன். நான் வாய் திறப்பதற்குள் இவன் கேட்டுவிட்டான்.

"தம்பி, வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது என்னைவிட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் புதுப் பையனுக்கு இப்போது ஒரு கடை தேடிக்கொண்டிருக்கிறோம்.